எக்ஸ்ரேயில் கல் இல்லை, சகலை

சகலை,

இன்று காலை அண்ணி உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேட்டை ஒட்டி, மரத்தடியில் நீங்கள் போட்டு வைத்த அதே நீல பிளாஸ்டிக் நாற்காலி. ஈர்க்கிலிருந்து இலையை உருவும்போது ஒரு பச்சை வாசனை கிளம்புமே, அது எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கூண்டில் படுத்திருந்த போண்டா மூக்கைத் தூக்கிப் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. இறந்தவர்கள்மேல் மனவருத்தம் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்று கோயிலில் ஃபாதர் சொல்கிறார். அவருக்கென்ன, அவருக்குச் சகலை கிடையாது.

அக்காவை நீங்கள் கட்டினீர்கள், தங்கையை நான் கட்டினேன். அந்த ஒரே பாவத்துக்காக முப்பது வருடத்துக்கு மேல் உங்கள் பக்கத்திலேயே நின்று அளவு பார்க்கப்பட்டேன். நீங்கள் ஓங்கிய ஆள், கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர், வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். நான் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்தவன். யாருக்கு என்னை அறிமுகப்படுத்தினாலும், “நம்ம சகலதான். மேல வெளிச்சத்துல உக்காந்து போல்ட்டு எண்றாரு” என்பீர்கள். ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவனுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வந்த எதையும் தொலைக்க மாட்டான். நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் கிடக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கிறதா? மாமனார் வீட்டு வழக்கப்படி பிரியாணிச் சட்டியில் கரண்டி போட்டதும் முதல் நல்லி எலும்பு பெரிய மாப்பிள்ளைக்கு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இரண்டாவது நல்லி என் தட்டுப் பக்கம் வந்தபோது, “சின்னவருக்கு எலும்பு உறியத் தெரியாது, இங்க போடுங்க” என்று உங்கள் தட்டை நீட்டினீர்கள். மாமியார் போட்டார். பெரிய மாப்பிள்ளை தட்டை நீட்டினால் அந்த வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னதில்லை. நீங்கள் கையில் எடுத்து வந்து கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுரங்கத்தை மூடிய பிறகு விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தீர்கள். உடம்பு தாங்கவில்லை என்று அண்ணி அழுதார். அடுகோடியில் எங்கள் காம்பவுண்டிலேயே முன் வீடு காலியானபோது ஓனரிடம் பேசி உங்களுக்கு வாடகைக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். வந்த வாரமே கேட்டருகே ஒரு முருங்கைக் கொம்பை நட்டீர்கள். நட்டதோடு சரியா? ஓனர் முன்னால், “சகலைக்கு நான் பக்கத்துல இருந்தா ஒரு தைரியம்” என்றீர்கள்.

இதெல்லாம் சில்லறை. போண்டா விஷயத்துக்கு வருகிறேன்.

போண்டா என் மகள் ஷீலா வளர்த்த கினிப்பன்றி. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தோழி ஒருத்தியிடமிருந்து ஷூ பெட்டியில் வைத்துத் தூக்கிவந்தாள். உருண்டையாக, மஞ்சளும் பழுப்புமாக இருந்ததால் அந்தப் பெயர். பிறகு மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பினாள். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, “அப்பா, நான் வர்ற வரைக்கும் போண்டாவ பாத்துக்கோ” என்பது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டினால் முதலில் கூண்டுப் பக்கம் திருப்பச் சொல்வாள். அதற்கப்புறம்தான் நான், அம்மா எல்லாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பிராணி மடியில் ஏறிப் படுத்தால் அது போதுமாக இருந்தது. அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அது உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், சகலை.

நீங்கள் அதை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உங்களுக்கு அது எலி. சாயங்காலம் நடந்துவிட்டு வந்து கேட்டருகே நின்று இருமுவீர்கள். சுரங்கத்துத் தூசி நெஞ்சில் இறங்கிய இருமல், அடியிலிருந்து கிளம்பி முடிவில் ஒரு இழுப்போடு நிற்கும். அந்த இழுப்பு முடிவதற்குள் உள்ளே போண்டா கம்பியைப் பிடித்து நின்று கத்த ஆரம்பித்துவிடும். மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொள்வீர்கள். முன் வீட்டிலிருந்து அண்ணி, “எலிக்குப் போட்டுட்டு வாங்க, டீ வெக்கறேன்” என்பார். “எலி, சாப்ட்டியா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவீர்கள். சில நாள் முருங்கை, சில நாள் களி உருண்டையில் கிள்ளிய துண்டு. என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

முதல் தடவை கல் வந்தபோது நம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. விரிப்புத் துணியில் ரோஜா நிறத்தில் கறை, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தது, மூத்திரம் போகும்போதெல்லாம் ஊசி குத்தியதுபோல ஒரு சத்தம். கோரமங்கலா பக்கம் இந்த மாதிரிச் சின்னப் பிராணிகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். எக்ஸ்ரேயில் மூத்திரப்பைக்குள் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எடுத்த கல்லைச் சின்ன சீசாவில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: “சார், உங்க வீட்டு கீசர்ல வெள்ளையா கட்டுதல்லா, அதே சுண்ணாம்புதான். இவங்களுக்கு ஜாஸ்தி ஆன கால்சியம் எல்லாம் மூத்திரத்துலதான் வெளிய போகும். எடுத்தாச்சு, முடிஞ்சுதுன்னு நெனைக்க பேடா, நெனைக்காதீங்க. திரும்ப வரும். வராம பாத்துக்கறதுதான் இனிமே உங்க வேலை.”

அந்த வேலையை நான் பீன்யாவில் பார்த்த வேலையைவிட ஒழுங்காகப் பார்த்தேன். புல்தான் சாப்பாடு, ராப்பகல் எவ்வளவு வேண்டுமானாலும். மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும் குதிரை மசால் கூடாது, அதை அரைத்துச் செய்த குருணைத் தீவனமும் கூடாது. கேழ்வரகு, பசலை, முக்கியமாக முருங்கைக்கீரை, வாசலுக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. குடைமிளகாய், வெள்ளரி, கொஞ்சம் லெட்டூஸ், எதையும் கழுவிச் சொட்டச் சொட்ட வைக்க வேண்டும். அப்படிப் போகிற தண்ணீரும் தண்ணீர்தான். பாட்டிலிலும் தண்ணீர், கிண்ணத்திலும் தண்ணீர், அதுவும் போர்வெல் தண்ணீர் இல்லை, குழாயில் வரும் காவேரித் தண்ணீர். ஒரே இடத்தில் படுத்துக்கிடந்தால் மூத்திரப்பையின் அடியில் மண்டி தங்கும் என்பதால் கூடத்தில் ஓடவிட வேண்டும். வாரம் ஒரு தடவை சமையல் தராசில் எடை, சில மாதத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? “எங்களுக்கு சம்ப்புல கெடக்கற போர் தண்ணி, எலிக்குக் காவேரியா?” என்றீர்கள். பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் தினமும் அருகம்புல் வாங்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பெரிய கணேச பக்தர் என்று நினைத்துக்கொண்டு கூட ஒரு கட்டு போட்டுக் கொடுப்பார். நெற்றியில் ஒன்றும் இல்லையே என்று ஒருநாள் கேட்டும்விட்டார். அதை வீட்டில் சிரித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நின்ற கூட்டத்தில், “எங்க சின்னவரு மதம் மாறிட்டாரு” என்று சொல்லிவிட்டீர்கள். ஃபாதரே சிரித்தார்.

வைத்தியமும் சொன்னீர்கள். உங்களுக்கே ஒரு காலத்தில் கல் வந்து வாழைத்தண்டுச் சாறு குடித்து இறங்கியதாம். அதையே பிழிந்து ஊற்றினால் போதுமாம். எலிக்கு வேறு, மனுஷனுக்கு வேறு என்று டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னபோது கையை ஆட்டினீர்கள். “கல்லப் பத்தி எனக்குச் சொல்றியா? நான் கல்லுக்குள்ளயே இருந்தவன்யா.”

சரி, பேச்சுதானே என்று விட்டேன். முருங்கை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். உங்கள் மரத்தடியில், அக்காளும் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்க, “சத்தியமா இனிமே கை வெக்க மாட்டேன், போதுமா?” என்றீர்கள். நான் நம்பினேன். அதற்கு முன் நீங்கள் கொடுத்ததையெல்லாம் கணக்கில் வைக்கவில்லை. தெரியாமல் செய்தது. என் வஞ்சம் அந்த மரத்தடியில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது கல் வந்தது. மறுபடி ரோஜாக் கறை, மறுபடி அந்தச் சத்தம். எங்கே தப்பு செய்தேன் என்று தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், புல்லைச் சந்தேகப்பட்டேன், பூக்கார அம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். டாக்டரம்மா இந்தத் தடவை உறுதி சொல்லவில்லை. வயசு ஆகிறது, மயக்க மருந்து தாங்குமா பார்க்கலாம் என்றார். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஷீலாவிடமிருந்து போன் வந்தது. எடுக்க எனக்குத் துணிவில்லை. போண்டா பிழைத்தது, தையலோடு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். கூண்டைக் கழுவலாம் என்று விரிப்பைத் தூக்கினால் அடியில், மூலையில், ஒரு கை முருங்கை ஈர்க்கு. இலை மட்டும் தின்னப்பட்டு, காய்ந்து, சுத்தமாக.

என் மனைவியைக் கேட்டேன். மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் காலையில் புல் வாங்கப் போகும் நேரம் பார்த்து நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஒரு நாள் இல்லை, எல்லா நாளும். அவள் சொன்னாள்: “பெரிய மாப்பிள கையில ஒடிச்சி எடுத்துட்டு வந்து நிக்கறாரு. வேணான்னு எப்படிங்க சொல்றது?”

பிரியாணிச் சட்டி அங்கே வந்து நின்றது, சகலை. நல்லி எலும்பை நீட்டிய தட்டில் போட்டுப் பழகிய வீடு, வயிறு தைத்த பிராணிக்கு விஷம் கொடுத்தாலும் தடுக்காது. அவளை நான் திட்டவில்லை. ஈர்க்கை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்து உங்கள் மடியில் போட்டேன்.

நீங்கள் மறுக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஈர்க்கை விரலால் புரட்டிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு எப்போதும் இல்லாத தாழ்ந்த குரலில் சொன்னீர்கள்: “உள்ள எறங்கினா, டிபன் தொறந்ததும் மொதல்ல எலிக்குக் கொஞ்சம் போட்டுட்டுதான் நாங்க கை வெப்போம். எலி வரலன்னா பயம். மேல பாற பேசுது, எறங்கப் போவுதுன்னு அர்த்தம், எழுந்து ஓடிருவோம். எத்தினி வாட்டி எலி எங்கள காப்பாத்தியிருக்கு. உன் எலி என்னப் பாத்துக் கத்துதுய்யா. கத்தற வாய்க்குப் போடாம எப்படிப் போறது?”

வேறொருவன் என்றால் அங்கேயே கரைந்திருப்பான். நான் கரையவில்லை. உங்கள் எலி பூமிக்கடியில் நூறு பேரைக் காப்பாற்றியிருக்கலாம். என் எலியை நீங்கள் கொல்லப் பார்த்தீர்கள், அதுவும் சத்தியம் செய்துவிட்டு. அதைத்தான் சொன்னேன். அன்றே ஆளைக் கூட்டிவந்து கூடத்துக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். கூண்டை எங்கள் படுக்கையறைக்கு மாற்றினேன். சாயங்காலம் நீங்கள் கேட்டருகே வந்து இருமினீர்கள். உள்ளே போண்டா கத்தியது. கதவு திறக்கவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் ஒரு வெள்ளரித் துண்டோடு நின்றீர்கள், முருங்கை இல்லை, வெள்ளரி. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதை நீங்களே தின்றீர்கள். அடுத்த நாளும் வந்தீர்கள், அதற்கடுத்த நாளும். நீங்கள் வந்து இருமுவதை விடவில்லை, நான் திறக்கவே இல்லை. இப்போது கேட்டாலும் அந்தத் தாழ்ப்பாளைப் போடுவேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

நீங்கள் சும்மா இருந்தீர்களா என்ன. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மச்சான் வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, “வாயில்லா ஜீவனுக்குக் காஞ்ச புல்லப் போட்டுக் கொல்றான்” என்று சொன்னீர்கள். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் அலமாரியில் இருக்கிறது. போனில் ஷீலாவே கேட்டாள், “பெரியப்பாகூட ஏம்ப்பா சண்டை?” என்று. என் மகள் உங்கள் பக்கம் பேசினாள். அதற்கும் உங்களை மன்னிக்கவில்லை.

அடுத்த மழையில் உங்களுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சு டாக்டர் கொடுத்த பஃப்பை இழுங்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் பிள்ளையிலிருந்து அண்ணிவரை மன்றாடினார்கள். உங்களுக்கா டாக்டர் சொல்வது காதில் ஏறும்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது. என் மனைவி அழுததால் நான் பார்க்க வந்தேன். முகமூடி போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அதை விரலால் தூக்கினீர்கள். ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று குனிந்தேன். தப்புப் பண்ணிட்டேன் சகல, என்று ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டது வேறு.

“எலிக்கு... மூத்திரம் போவுதா?”

“போவுது” என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஏதோ நீங்களே வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தியதுபோலக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நர்ஸ் வந்து முகமூடியைச் சரியாக மாட்டிவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார். அப்புறம் உங்களை நான் பெட்டியில்தான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் தாழ்ப்பாளைக் கழற்றி, கூண்டைப் பழையபடி கூடத்தில் வைத்தேன். இனி யாருக்காக அது? மரத்தையும் வெட்டிவிடலாம் என்று ஆளைக் கூப்பிட்டேன். அண்ணி கதவருகே நின்று, “அவரு வெச்சது” என்று மட்டும் சொன்னார். எங்கள் ஜன்னல் பக்கம் வந்த கிளைகளை மட்டும் வெட்டச் சொன்னேன். அவ்வளவாவது வெட்டினேன்.

ஆனால் நீங்கள் போயும் தோற்கவில்லை. ஒரு வாரம் போவதற்குள் போண்டா சாப்பாட்டை விட்டது. புல் அப்படியே கிடந்தது, கிண்ணத்துத் தண்ணீர் அப்படியே நின்றது, சாயங்காலமானால் கம்பியைப் பிடித்து நின்று வாசலைப் பார்க்கும், கத்தாது. விரிப்பில் வெள்ளைப் பொடி படிய ஆரம்பித்தது. டாக்டரம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர் போகாவிட்டால் இதுவே கட்டிக் கல்லாகும், இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது, சாப்பிடாமல் இருந்தால் அதற்கு முன்பே குடல் நின்றுவிடும் என்றார். ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தை ஊட்டினேன். பாதி என் சட்டையில் துப்பியது. செத்துப்போயும் என் எலியை இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னேன். அண்ணி வீட்டுக் கூடத்தில், இயேசு படத்துக்குக் கீழே, சீரியல் பல்பு போட்டு மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

ஒரு சாயங்காலம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் கேட்டருகே இறக்கி வைத்துவிட்டு இருமினான். உள்ளே போண்டா கத்தியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, பழைய சத்தத்தில். நான் ஓடினேன். கம்பியைப் பிடித்து நின்று கத்திவிட்டு, யாரும் வராததால் இறங்கி, அருகம்புல்லை ஒரு வாய் இழுத்தது. அந்த ஒரு வாயை வைத்து எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். தெருவில் தெரிந்தவர் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு இருமினேன். முதலில் சரியாக வரவில்லை. உங்கள் இருமலுக்கு அடி வேண்டும், முடிவில் அந்த இழுப்பு வேண்டும். முப்பது வருடம் பக்கத்தில் படுத்து, சாப்பிட்டு, பிரயாணம் செய்து கேட்டதாயிற்றே, நாலைந்து நாளில் பிடித்துவிட்டேன். “எலி, சாப்ட்டியா?” என்று உங்கள் குரலில் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தேன். போண்டா கத்தி வீட்டை இரண்டாக்கியது. தண்ணீர் சொட்டும் அருகம்புல், குடைமிளகாய்த் துண்டு, வெள்ளரி எல்லாம் என் கையிலிருந்து தின்றது. கிண்ணத்திலிருந்து தண்ணீர் குடித்தது. அடுப்படியில் என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து தினமும். உங்களை ஜெயிக்க நான் நீங்களாக வேண்டியிருந்தது, சகலை. இதைவிடக் கேவலம் எனக்கு நீங்கள் உயிரோடு இருந்தபோதும் செய்ததில்லை. அண்ணி சாயங்காலம் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் இருமுவேன். அவர் காதில் விழக் கூடாது என்பது என் கவலை.

நேற்று எக்ஸ்ரே எடுத்தேன். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி டாக்டரம்மா பேனாவால் சுற்றிக் காட்டினார். “கல்லு இல்லா சார். மண்டிகூட இல்ல. எப்படி பண்ணீங்க?” என்றார். புல், தண்ணீர் என்று சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. ஷீலாவுக்கு அங்கிருந்தே படம் அனுப்பினேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், போண்டாவிடம் சொல்லிவிடு என்று பதில் வந்தது.

எக்ஸ்ரே படத்தை நேராக அண்ணி வீட்டுக்கு எடுத்துப் போனேன். உங்கள் படத்துக்கு எதிரே, டியூப் லைட்டுக்குக் கீழே தூக்கிப் பிடித்தேன். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், எங்கே கல், எங்கே காய்ந்த புல் போட்டுக் கொன்றது, என்று மனதுக்குள் கேட்டேன். இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? சீரியல் பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. நீங்கள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது.

“கண்ணாடி போடாம அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை முருங்கை வாசனை வந்ததும் எழுத ஆரம்பித்தவன், சாயங்காலம் நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போனேன். போய்விட்டு வந்துதான் மீதியை எழுதுகிறேன். மழை தூறியது. வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று, அண்ணி கோயிலுக்குப் போயிருப்பார் என்ற தைரியத்தில், அடியிலிருந்து இழுத்து இருமினேன். உள்ளே போண்டா கத்தியது. கேட்டைத் தள்ளித் திரும்பினால், உங்கள் வாசலில் அண்ணி நின்றிருந்தார். மழையால் போகவில்லைபோல. கையில் ஜெபமாலை அப்படியே தொங்கியது.

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன், எலி சாப்பிடுவதில்லை, அதற்காகத்தான், வேறு ஒன்றும் இல்லை அண்ணி என்று. அவர் கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“இன்னொரு தரம் இருமுங்க.”

நான் மறுபடி வெளியே போய் நின்று இருமினேன். முடிவில் அந்த இழுப்பையும் வைத்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மழை நாற்காலியில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

“எலிக்குப் போட்டுட்டு வாங்க, டீ வெக்கறேன்” என்றார்.

போட்டுவிட்டுப் போய்க் குடித்தேன். உங்கள் டம்ளரில்தான் கொடுத்தார்.

நான் மனம் மாறிவிட்டேன் என்று அங்கே யாரிடமும் சொல்லிச் சிரிக்காதீர்கள். சத்தியம் செய்துவிட்டு முருங்கை கொடுத்தது கொடுத்ததுதான். நல்லி எலும்பும் அப்படித்தான். நாளைக்கும் கேட்டருகே போவேன், ஷீலா வந்த பிறகும் போவேன். உங்களிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்த உருப்படியான பொருள் அந்த இருமல் ஒன்றுதான், சகலை. நான் ஸ்டோர்ஸில் இருந்தவன். திருப்பித் தருவதாக இல்லை.